லேசர் கண் அறுவையும் அந்திநேரப் பார்வையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். விண்ணில் பறக்கும் கலங்களைப் பற்றியும் பேசலாம். அணுவின் உள்ளமைப்பைப் பற்றியும் பேசலாம். எனினும், நம் பிள்ளைகளின் வாழ்வையும் நம் குடும்பங்களின் கைப்பொருளையும் நேராகத் தொடுகின்ற ஒன்றையே நாம் தேர்ந்துகொண்டோம். கிட்டப்பார்வையைப் போக்குவதற்காகக் கண்ணில் லேசர் அறுவை செய்துகொண்டவர்களுக்கு, மங்கிய ஒளியில் பொருள்களைப் பிரித்தறியும் திறனில் என்ன மாற்றம் நேர்கிறது என்பதே அப்பொருள்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு. நம் தெருக்களில் எழுத்தறிந்த முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையுமாகப் பிள்ளைகள் படிக்கின்றார்கள். விளக்கடியில் நெடுநேரம் படிக்கின்றார்கள். கைப்பேசித் திரையையும் நெடுநேரம் பார்க்கின்றார்கள். கண்ணாடி அணியும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகின்றார்கள். அவர்களே பதினெட்டு வயதைத் தாண்டிச் சீருடைப் பணிக்கும் ரயில்வேப் பணிக்கும் விண்ணப்பிக்கும்போது, 'கண்ணாடியைக் கழற்றினால்தான் வேலை' என்று யாரோ சொல்கின்றார்கள். பெண் பிள்ளைகளைக் குறித்தோ, 'கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்?' என்ற பேச்சு. உடனே தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. பல்லாயிரம் ரூபாய் கடன் ஏறுகிறது. பிள்ளை நகரத்து மருத்துவமனைக்குப் பயணமாகிறான். அவன் எதைப் பெறப் போகிறான், எதைக் கொடுக்கப் போகிறான் என்பதை அறிந்த பிறகே அந்தப் பயணம் நடைபெற வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் கிட்டப்பார்வை யாது எனக் காண்போம். கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போலக் குவிந்து நிற்பது கார்னியா என்னும் விழிவெண்படலம். அதன் தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கண்ணுள் நுழையும் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அதுவே செய்கிறது. எஞ்சியதை உள்ளே இருக்கும் விழிலென்ஸ் செய்கிறது. விழிக்கோளம் இயல்பைவிட நீண்டு வளர்ந்துவிட்டால், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. கையிலுள்ள புத்தகம் தெரியும். எதிரிலுள்ள கரும்பலகை தெரியாது. இதுவே கிட்டப்பார்வை. கண்ணாடியில் உள்ள குழிலென்ஸ் ஒளியைச் சற்று விரித்து அனுப்பி, அது விழித்திரையில் குவியுமாறு செய்கிறது. லேசர் அறுவையோ, கார்னியாவின் நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்கி அதே பயனைத் தருகிறது.

அறுவைக்குப் பின் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறார் மருத்துவர். பிள்ளை அடிவரிகள்வரை படிக்கிறான். சீட்டில் 6/6 என்று எழுதப்படுகிறது. குடும்பம் மகிழ்கிறது. இந்த 6/6 என்பதன் பொருள் என்ன? 1862ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் அமைத்த சோதனை அது. இயல்பான கண் 6 மீட்டர் தொலைவில் படிக்கக்கூடிய எழுத்தை இவரும் 6 மீட்டரில் படிக்கிறார் என்பதே அதன் பொருள். அந்த வரியின் எழுத்து ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயரம் உடையது. பயனுள்ள சோதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பலகை தூய வெள்ளை, எழுத்துகள் கன்னங்கரியவை, பலகையின் மேல் நல்ல வெளிச்சம். நம் அன்றாட வாழ்க்கை அப்படியா அமைந்திருக்கிறது?

சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் மசங்கல் நேரத்தில் வண்டி ஓட்டி வருபவரை எண்ணிப் பாருங்கள். கரிய தார்ச்சாலை; அதன் நடுவே ஓர் எருமை. சற்றுத் தள்ளி, வெள்ளை வண்ணம் அழிந்துபோன வேகத்தடை. எதிரே கண்ணைப் பறிக்கும் விளக்குடன் ஒரு லாரி. அந்த எருமை 9 மில்லிமீட்டர் எழுத்தைப் போலச் சிறியதன்று. வண்டியை மறிக்கும் அளவுக்குப் பெரியது. ஆயினும் அருகில் வரும்வரை தெரிவதில்லை. பொருளுக்கும் அதன் பின்புலத்திற்கும் இடையே ஒளியில் வேற்றுமை இல்லாமையே அதற்குக் காரணம். விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் நம் தாய்மார்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வெள்ளை மொட்டு இலைகளினூடே எடுப்பாகத் தெரிகிறது. வரப்பில் கிடக்கும் கருங்கல் காலில் இடறிய பிறகுதான் தெரிகிறது.

இந்தச் சிறு வேற்றுமைகளைக் கண்டுகொள்ளும் ஆற்றலையே கான்ட்ராஸ்ட் உணர்திறன் என்று கண் மருத்துவர் கூறுவர். நாம் இதனை 'ஒளி வேற்றுமை உணர்திறன்' என வழங்குவோம். வேற்றுமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் வேறு திசைக்குச் செல்லும். மனிதருக்குள் வேற்றுமை கூடாது என்பதற்காகவே இக்கழகம் பிறந்தது. கண்ணுக்கோ வேற்றுமை தெரிவதுதான் நலம்! பள்ளிக்கூடத்திலேயே இதற்குச் சான்று உண்டு. புதிதாகக் கருமை பூசிய பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதினால் கடைசி வரிசை மாணவனும் படிக்கிறான். அதே பலகை அழித்து அழித்து வெளிறிப்போன பின், அதே அளவில் எழுதினாலும் படிக்கத் திணறுகிறான். எழுத்து சிறுக்கவில்லை; மாணவனின் கண்ணும் மாறவில்லை; வேற்றுமைதான் குறைந்தது.

இதனை அளப்பதற்கும் முறை உண்டு. 1988ஆம் ஆண்டில் பெல்லி, ராப்சன், வில்கின்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட பலகையில் எழுத்துகள் யாவும் ஒரே அளவில், பெரியனவாக இருக்கும். வரிக்கு வரி அவை சிறுத்துக்கொண்டு போவதில்லை, வெளிறிக்கொண்டு போகும். மூன்று எழுத்துகள் ஒரு தொகுதி. இரண்டு தொகுதிகள் கடந்தால் தாளுக்கும் எழுத்துக்கும் உள்ள வேற்றுமை பாதியாகிவிடும். எதுவரை படிக்க முடிகிறது என்பதே மதிப்பெண். நல்ல கண்ணுடைய இளைஞர், நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கு வேற்றுமை இருந்தாலே எழுத்தைக் கண்டுகொள்வார்.

மற்றொன்று கோடுகளைக் கொண்டு அளக்கும் முறை. விசைத்தறி ஓசைக்குப் பழகிய ஊர் நம் ஊர். ஆகவே துணியை வைத்தே இதனை விளக்கலாம். மிக அகலமான கோடு போட்ட துணி, நடுத்தரக் கோடு போட்ட துணி, மயிரிழை போல நெருங்கிய கோடு போட்ட துணி என மூன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றின் சாயமும் படிப்படியாக வெளிறுவதாகக் கொள்வோம். மூன்றும் ஒரே சமயத்தில் கண்ணுக்கு மறைவதில்லை. நெருங்கிய கோடுகள் முதலில் மறையும். மிக அகன்றவையும் பின்னர் மறையும். நடுத்தரக் கோடுகளே கடைசிவரை தெரியும். கை நீட்டும் தொலைவில், ஒரு சென்டிமீட்டருக்குள் கறுப்பும் வெளுப்புமாக மூன்று நான்கு இணைகள் அடங்கும் அளவே மனிதக் கண்ணுக்கு மிக எளிது. எழுத்துப் பலகையின் 6/6 வரியோ, அதே இடத்தில் 30 இணைகள் அடங்கும் நுண்மைக்கு ஒப்பானது. எனவே எழுத்துப் பலகை கண்ணின் ஆற்றலில் ஒரு முனையை மட்டுமே அளக்கிறது. முகம், படிக்கட்டு, பள்ளம், மேடு, மாடு ஆகியவற்றை நமக்குக் காட்டும் நடுப்பகுதியை அது அளப்பதில்லை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் மட்டும் நூறு வாங்கிய மாணவனை, எல்லாப் பாடங்களிலும் தேறியவன் என்று நாம் சொல்வோமா?

இனி லேசருக்கு வருவோம். இந்த அறுவையின் வேரில் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் இருக்கிறார் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகிய இருவரும் எக்சைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிரை ஆராய்ந்து வந்தனர். 1981 நவம்பரில், அந்நாட்டவரின் நன்றி நவிலல் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து, அதன்மேல் அக்கதிரைச் செலுத்தினார் சீனிவாசன். சுற்றுப்புறம் கருகாமல், உளியால் செதுக்கினாற்போல் நேர்த்தியான பள்ளம் விழுந்தது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அக்கதிர் திசுவைச் சுடுவதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து நீக்குகிறது. ஒரு துடிப்பில் நீங்குவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கே.

1983இல் ஸ்டீபன் டிராக்கல் என்னும் கண் மருத்துவர், சீனிவாசனுடன் இணைந்து, கார்னியாவைச் செதுக்க இக்கதிர் பயன்படும் என்று காட்டினார். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பார்வையுள்ள மனிதக் கண்ணிலும் இது கையாளப்பட்டது. மேற்பரப்பையே செதுக்குவது பி.ஆர்.கே. முறை. கார்னியாவில் மெல்லிய மடல் ஒன்றைத் திறந்து, உள்ளே செதுக்கி, மீண்டும் மடலை மூடுவது லேசிக் முறை. இதனை 1990ஐ ஒட்டிக் கிரேக்க நாட்டு மருத்துவர் பலிகாரிஸ் உருவாக்கினார். சிறு துளைவழியே உள்ளிருந்து மெல்லிய வில்லை போன்ற திசுவை எடுத்துவிடும் ஸ்மைல் முறை பின்னர் வந்தது. சீனிவாசன், வின், பிளம் ஆகிய மூவருக்கும் 2013இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்துச் சிறப்பித்தார். போற்றத்தக்க கண்டுபிடிப்பு இது என்பதில் ஐயமில்லை. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்துவதே அதற்கு நாம் செய்யும் மதிப்பு.

எல்லை எங்கே வருகிறது? செதுக்கும் வட்டம் 6 மில்லிமீட்டர் அகலம் எனக் கொண்டால், ஒரு டயாப்டர் கிட்டப்பார்வைக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் ஆழம் செதுக்க வேண்டும். 2 டயாப்டர் உடையவருக்கு 24 மைக்ரான். 8 டயாப்டர் உடையவருக்கு 96 மைக்ரான். வட்டத்தை அகலமாக்கினால் ஆழமும் கூடும். கார்னியாவின் மொத்தத் தடிமனே சராசரியாக 540 மைக்ரான் அளவுதான். அதன் வலிமை கெடாதவாறு எஞ்சவிடவும் வேண்டும். ஆகவே வட்டத்தை விரும்பிய அளவுக்கு அகலமாக்க மருத்துவரால் இயலாது.

நண்பகலில் கண்மணியின் துளை 2, 3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். செதுக்கிய வட்டத்தின் நடுவழியாகவே ஒளி புகும். காட்சி தெளிவாக அமையும். இருள் சூழும்போது இளைஞரின் கண்மணி 6, 7 மில்லிமீட்டர்வரை விரிகிறது. அப்போது வட்டத்தின் விளிம்பிலும், சிலருக்கு அதற்கு அப்பாலும் ஒளி புகுகிறது. நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் சரிவாகவும் அமைந்த பரப்பு, இரு பகுதிகளின்வழி வந்த ஒளியையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. ஓரத்தின்வழி வந்த ஒளி, உருவத்தின்மேல் மெல்லிய வெண்திரை போலப் படர்கிறது. கரிய மையில் சிறிது சுண்ணாம்பு நீர் கலந்தாற்போல் கருமை வெளிறுகிறது. ஒளி வேற்றுமை குறைகிறது. விளக்கைச் சுற்றி வளையம் தோன்றுவதும், ஒளி நட்சத்திரம் போலத் தெறிப்பதும் பெரும்பாலும் இதனாலேயே.

வேறு காரணங்களும் உண்டு. செதுக்கும்போது கார்னியாவின் நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன. அதனால் சில மாதங்கள் கண்ணீர் சுரப்பு குறைந்து கண் வறளும். கண்ணீர்ப் படலமே ஒளி முதலில் தொடும் பரப்பு. அது சீராக இல்லையென்றால் காட்சி ஒரு கணம் தெளிந்து மறுகணம் கலங்கும். மேற்பரப்பைச் செதுக்கும் முறையில், ஆறும் காலத்தில் மெல்லிய புகைமூட்டம் போன்ற மங்கல் சிலருக்குத் தோன்றி ஒளியைச் சிதறடிக்கும்.

இந்தக் குறைவு எத்தனை காலம் நிற்கும்? அறுவைக்குப் பின் முதற்சில வாரங்களில் இது மிகுந்திருக்கும்; நடுத்தரக் கோடுகளிலும் நெருங்கிய கோடுகளிலும், அதிலும் மங்கிய வெளிச்சத்தில், தெளிவாக வெளிப்படும். குறைந்த, நடுத்தர அளவுக் கிட்டப்பார்வை உடையவர்களுள் பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் பழைய நிலை திரும்பிவிடுகிறது. முன்பு அணிந்த கண்ணாடியோடு ஒப்பிட்டால் முன்னைவிட நன்றாகத் தெரிவதாகக் கூறுவோரும் உண்டு. மிகுந்த கிட்டப்பார்வைக்காக ஆழமாகச் செதுக்கப்பட்டவர்களுக்கும், இருளில் கண்மணி பெரிதாக விரிபவர்களுக்கும் இரவுநேரக் குறை ஓரளவு தங்கிவிடக்கூடும். தொடக்க காலத்தில் 4, 5 மில்லிமீட்டர் வட்டமே செதுக்கினர். அந்நாளில் தொல்லை அதிகம். இன்று வட்டமும் அகன்றுள்ளது. கண்ணுக்குக் கண் வேறுபடும் பிறழ்ச்சியை அளந்து அதற்கேற்பச் செதுக்கும் முறைகளும் வந்துள்ளன. குறை பெரிதும் தணிந்துள்ளது, முற்றிலும் நீங்கிவிடவில்லை.

அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இது குறித்து நோயாளிகளையே வினவி ஆராய்ந்தது. 2017இல் வெளிவந்த அதன் இரண்டு ஆய்வுகளுள் ஒன்றில் கடற்படையினர் 262 பேர். மற்றொன்றில் பொதுமக்கள் 312 பேர். அறுவைக்கு முன் ஒளிவளையம், தெறிப்பு, இரட்டைத் தோற்றம் முதலிய தொல்லை எதுவும் இல்லாதிருந்தவர்களுள், மூன்று மாதம் கழித்து, முதல் ஆய்வில் 43 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 46 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு புதிய தொல்லை இருப்பதாகக் கூறினர். அதனால் அன்றாட வேலைக்கு மிகுந்த இடையூறு என்றவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. தம் பார்வையில் நிறைவு என்றவர்கள் 95 விழுக்காட்டிற்கு மேல். இந்த எண்கள் அனைத்தும் ஒருசேர உண்மை. ஒன்றை மட்டும் காட்டி அச்சுறுத்துவோரையும் நம்பாதீர்கள்; மற்றொன்றை மட்டும் காட்டி அழைப்போரையும் நம்பாதீர்கள்.

அன்பிற்குரிய இளைஞர்களே! இப்போது நாம் கூறப்போவதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு நம் பிள்ளைகள் பலர் ஆர்வத்தோடு படிக்கின்றனர். அப்பணிக்கு உரிய மருத்துவத் தகுதி ஏ-1 எனப்படும். கண்ணாடி இன்றி இரு கண்ணுக்கும் 6/6 வேண்டும். நிறம் அறிதல், இரவுப் பார்வை ஆகியவற்றோடு, மங்கலொளிப் பார்வையும் சோதிக்கப்படும். நாம் மசங்கல் என்கிறோமே, அந்த வெளிச்சத்தில் காணும் பார்வைதான் அது. லேசிக் அல்லது அதுபோன்ற அறுவை செய்து பார்வைக் குறையைத் திருத்திக்கொண்டவர்கள் அப்பணிக்குத் தகுதியற்றவர்கள் என்று 2024ஆம் ஆண்டு அறிவிப்பு கூறிற்று. இருளில் நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து செல்பவனின் கண்ணுக்கு, எழுத்துப் பலகையின் சான்று மட்டும் போதாது என்பதே இதன் உட்கிடை.

ஓர் இளைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அறிவிப்பை முழுமையாகப் படிக்காமல், கடன் வாங்கி லேசர் செய்துகொள்கிறான். எழுத்துத் தேர்வில் வெல்கிறான். மருத்துவத் தேர்வில் கார்னியாவின் வடிவத்தை வரைந்து காட்டும் கருவி, அறுவையைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. செதுக்கியதை மீண்டும் ஒட்ட இயலாது. சட்டமேதை போராடிப் பெற்றுத் தந்த இட ஒதுக்கீட்டில் ஓரிடம் கைநழுவுகிறது. வட்டி மட்டும் வீட்டில் வளர்கிறது. அதே ரயில்வேயில் எழுத்தர் முதலிய பணிகளுக்குக் கண்ணாடி தடையன்று என்பதை அவன் முன்பே அறிந்திருந்தால், அறுவையின்றியே ஒரு வேலையில் அமர்ந்திருப்பானே! துறைக்குத் துறை விதி வேறு. ஆண்டுக்கு ஆண்டு அது மாறவும் கூடும். ஆகவே அறிவிப்பில் சம்பளப் பகுதியைப் படிக்குமுன் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படியுங்கள்.

கண்ணாடி அணிவதை ஓர் இழிவாக எண்ணி அறுவைக்கு விரைவோருக்கும் ஒரு சொல். இந்த நாட்டில் எத்தனையோ ஊர்களில் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் சிலை நிற்கிறது. கண்ணாடி இல்லாத அம்பேத்கர் சிலையை எங்கேனும் கண்டதுண்டா? கையில் புத்தகம், கண்ணில் கண்ணாடி: இவ்விரண்டும் சேர்ந்ததே நம் குழந்தைகள் முதலில் அறியும் அவர் உருவம். இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் உடல் நலிந்து, பார்வையும் மங்கிய நிலையில், 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற பெருநூலை அவர் எழுதினார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. நம் முன்னோருக்குப் புத்தகமே மறுக்கப்பட்டது. ஆகவே அதைப் படிக்க உதவும் கண்ணாடியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இன்று நம் வீட்டுப் பெண் கண்ணாடி அணிகிறாள் என்றால், அவள் படிக்கிறாள் என்று ஊர் அறியட்டும். அதைக் குறையாகக் கூறும் மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் பார்வைக் கோளாறு!

அதற்காக, லேசர் அறுவை கூடாது என்று நாம் கூறவில்லை. கண்ணாடி அணிய இயலாத தொழில் உடையவர் உண்டு. வியர்வையிலும் தூசியிலும் கண்ணாடியோடு அல்லல்படுவோர் உண்டு. அவர்கள் அறிந்து செய்துகொள்ளட்டும். அறிந்து செய்வதற்குச் சில வினாக்கள் போதும். பார்வை அளவு ஓராண்டேனும் மாறாமல் நிற்கிறதா? கார்னியாவின் தடிமன் எவ்வளவு? அது கூம்பாகும் நோயின் அறிகுறி இல்லை என்று வடிவப் படம் எடுத்துப் பார்த்தார்களா? இருளில் என் கண்மணி எவ்வளவு விரிகிறது, செதுக்கும் வட்டம் அதற்குப் போதுமா? அறுவைக்கு முன்பும் ஆறு மாதத்திற்குப் பின்பும் ஒளி வேற்றுமை உணர்திறனை அளப்பீர்களா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல மருத்துவர் மகிழ்ந்து விடையளிப்பார்.

செய்துகொண்ட பின்பும் நான்கு செய்திகளை மறவாதீர்கள். முதல் சில வாரங்கள் இரவில் வண்டி ஓட்டாதீர்கள். உங்கள் கண்ணே போதும் என்று சொல்லும்வரை காத்திருங்கள். அறுவைக்கு முந்தைய அளவுச் சீட்டுகளைப் பட்டாவைப் போலப் பத்திரப்படுத்துங்கள். முதுமையில் கண்புரை அறுவைக்கு லென்ஸ் கணக்கிட அவை வேண்டும். கண் அழுத்தம் அளக்கும் மருத்துவரிடம் லேசர் செய்துகொண்டதைக் கூறுங்கள். கார்னியா மெலிந்த கண்ணில் அளவு குறைவாகக் காட்டக்கூடும். இறுதியாக, லேசர் கார்னியாவைத்தான் திருத்தியது. நீண்ட விழிக்கோளம் நீண்டபடியே இருக்கிறது. மிகுந்த கிட்டப்பார்வை உடையவர் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூத்தோர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கண்புரை தொடங்கும்போதும், நீரிழிவு கண்ணைத் தொடும்போதும், எழுத்துப் பலகையை ஓரளவு படிக்க முடிந்தாலும் ஒளி வேற்றுமை உணர்திறன் முன்கூட்டியே குறையக்கூடும். 'பலகை தெரிகிறது, படி தெரியவில்லை' என்று பாட்டி சொன்னால் அது பிதற்றலன்று. கண் மருத்துவத்திற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதுமில்லை. நம் கரிசல் மண்ணில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கத்தி பிடித்துக் கண் அறுவை பழகி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988இல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. பணம் உள்ளவர் தரும் கட்டணத்தில் இல்லாதவருக்கும் பார்வை தரும் முறை அங்கே நடைபெறுகிறது.

முடிவாக, நம் கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். வேலைவாய்ப்பு அறிவிப்பு ஒவ்வொன்று வரும்போதும், அதன் மருத்துவத் தகுதிப் பகுதியை எளிய தமிழில் எழுதி நம் வாசகசாலைச் சுவரில் தொங்கவிடுவோம். பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் கண் சோதனை நடத்தி, யாருக்கு எந்தப் பணி பொருந்தும் என்பதை அப்போதே எடுத்துரைப்போம். பதினைந்து வயதில் அறிந்தால் பாதையை மாற்றிக்கொள்ளலாம். இருபத்தைந்து வயதில் அறிந்தால் கடனைத்தான் கட்ட வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைத் தரக்கூடிய படித்த இளைஞர் நால்வர் போதும். அந்த நால்வர் இந்த அவையிலேயே இருக்கின்றனர் என்று நாம் நம்புகின்றோம்.

வெள்ளி விழாக் கண்ட இக்கழகம் பொன்விழாவும் காண்க!